அந்தப் பிள்ளைக்கு இப்போது எப்படி?

மதிப்புக்குரிய அம்மாவுக்கு,

எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். என் வேதனை எங்கள் சபையைப் பற்றியது. எல்லோரும் வெதுவெதுப்பாகிவிட்டார்கள். பாதிப் பேர் பிரசங்கம் தொடங்கிய பிறகுதான் வந்து உட்காருகிறார்கள். வாலிபர் கையில் எப்போதும் போன். கொழும்புக் கடைகளில் வேலை செய்கிற பிள்ளைகள் நத்தாருக்கு வந்து கரோல் பாடிவிட்டுப் போவார்கள், அத்தோடு அவர்கள் பக்தி முடிந்தது. புதிதாக வந்த பாதர் எதையும் கண்டிப்பதில்லை. பிரசங்கமும் கால் மணி நேரம்தான். நான் இத்தனை வருஷம் நடத்திய ஓய்வுநாள் பாடசாலையை ஒரு சின்னப் பெண்ணிடம் கொடுத்துவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

1854இல் தோட்டத் தொழிலாளரிடையே ஊழியம் செய்யத் தமிழ்க் கூலி மிஷன் தொடங்கிய பிறகு உபதேசிமார் மலையேறி, தொழிலாளரின் வரிசை வீடுகள் இருந்த லயம் லயமாக நடந்தார்கள் என்று அப்பா சொல்வார். அந்த வைராக்கியம் எங்கே, இது எங்கே! வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு நாலைந்து பெண்கள்தான் மிச்சம். போன மாதம் மேல் லயத்துத் தங்கச்சி ஒருத்தி சுகமில்லாத மகளுக்காக ஜெபிக்கச் சொன்னாள். நீண்ட ஜெபம் என்றால் என்னிடம்தான் கேட்பார்கள். ஜெபித்தேன். இரவு ரொட்டிக்கு மா இருக்கிறதா என்ற யோசனையில் பிள்ளையின் பெயரையே மாற்றிச் சொல்லிவிட்டேன் போல. அவள் அழுதாள், எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கொஞ்ச நாளாகவே இப்படித்தான். அது கிடக்கட்டும். நான் சொல்ல வந்தது, அன்றைக்கும் பாதர் வரவில்லை. ஓய்வுநாள் பாடசாலை விஷயத்தில் கேட்காமல் செய்தவர் இதற்கா வரப்போகிறார்? பேராயருக்குக் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். அனுப்பலாமா? இந்தச் சபையை எப்படி எழுப்புவது?

*

அன்புச் சகோதரி,

கடிதம் முழுக்கச் சபை இருக்கிறது. நீங்கள் ஒரே இடத்தில்தான் இருக்கிறீர்கள்: ‘எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.’ அதையும் ‘கிடக்கட்டும்’ என்று உடனே மூடிவிட்டீர்கள். எனக்கு அதை அப்படியே விட மனமில்லை.

வெதுவெதுப்பு என்கிறீர்கள். வேதத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தலில், அனலுமில்லை குளிருமில்லை என்ற அந்தக் குற்றச்சாட்டைக் கேட்டது லவோதிக்கேயா சபை. பணமும் கம்பளி வியாபாரமும் கொழித்த ஊர் அது. கி.பி. 60 வாக்கில் நிலநடுக்கத்தில் இடிந்தபோது ரோமின் உதவி இல்லாமல் தன் சொந்தக் காசிலேயே எழும்பியது. அந்தச் சபையின் பேச்சும் அப்படித்தான், ‘எனக்கு ஒரு குறைவுமில்லை’ என்றது. பிந்தி வருகிறார்கள், கூட்டம் குறைகிறது என்று அங்கே ஒரு வரிகூட இல்லை, கவனியுங்கள். யோசிக்காமலே நீண்ட ஜெபம் செய்யத் தெரிந்தவருக்கும் அந்த வெதுவெதுப்பு வரும். வாய்க்கு வழி பழகிவிட்டால் மனசு கூட வரவேண்டிய அவசியம் இருக்காது.

4ஆம் நூற்றாண்டில் எகிப்துப் பாலைவனத்தில் வாழ்ந்த எவாக்ரியுஸ் என்ற துறவி, ஜெபிக்கிறவர்களைப் பிடிக்கிற சோர்வைப் பற்றி எழுதியிருக்கிறார். அது பிடித்தவன் பொழுது சாய்ந்துவிட்டதா என்று வெயிலை எட்டி எட்டிப் பார்ப்பான். இருக்கிற இடம் பிடிக்காமல் போகும். அப்புறம், சகோதரரிடையே அன்பே இல்லாமல் போயிற்று, தன்னைத் தேற்ற ஒருவருமில்லை என்று நினைக்கத் தொடங்குவான். உங்கள் கடிதத்தின் முதல் பாதியை அதன் பக்கத்தில் வைத்துப் படித்தேன்.

ஓய்வுநாள் பாடசாலை விஷயத்தில் உங்கள் மனவருத்தம் நியாயம்தான். பாதர் உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அது மனவருத்தம். அதற்கு வைராக்கியம் என்று பெயர் வைக்காதீர்கள். கொழும்புப் பிள்ளைகள் விஷயத்திலோ நான் உங்கள் பக்கம் இல்லை. நாளெல்லாம் கடையில் நின்று, கிடைக்கிற சொற்ப லீவில் மலையேறி வந்து கோயிலில் பாடுகிற பிள்ளையை அனல் இல்லாதவன் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஒன்று மட்டும் நேராகக் கேட்கிறேன். ஜெபத்தில் மட்டும்தான் இப்படியா? தூக்கம், சாப்பாடு, வகுப்பில் பிள்ளைகளின் சிரிப்பு எல்லாமே சப்பென்று ஆகிவிட்டதா? அப்படியென்றால் இதை விசுவாசக் குறைவு என்று நினைத்து உள்ளுக்குள் புழுங்க வேண்டாம். டாக்டரைப் பாருங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் பேசலாம்.

ஜெபம் மட்டும்தான் வறண்டிருக்கிறது என்றால், கொஞ்ச நாளைக்கு நீண்ட ஜெபத்தை விடுங்கள். அந்தச் சின்னப் பெண்ணை வெள்ளிக்கிழமைக்குக் கூப்பிட்டு ஜெபிக்கச் சொல்லுங்கள், தடுமாறினாலும் பரவாயில்லை. வீட்டில் ‘ஆண்டவரே, எனக்கு ஒன்றும் தோன்றவில்லை’ என்று மட்டும் சொல்லிவிட்டு எழும்புங்கள். 88ஆம் சங்கீதம் இருளில்தான் முடிகிறது, அதையும் வேதத்தில் வைத்துத்தானே இருக்கிறார்கள்.

உபதேசிமார் லயம் லயமாக நடந்ததைச் சொன்னீர்கள். மேல் லயத்துப் பிள்ளைக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று உங்கள் கடிதத்தில் இல்லை. ஒரு பின்னேரம் ஏறிப் போங்கள். பிள்ளையின் பெயரைக் கேட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் தருகிற பிளேன்டீயைக் குடியுங்கள். அவர்களே கேட்டாலொழிய அங்கே ஜெபிக்க வேண்டாம். பேராயருக்கு எழுதியதை அதுவரை அனுப்பாதீர்கள். திரும்பி வந்து ஒருமுறை வாசித்துப் பார்த்து, அப்போதும் அனுப்பத் தோன்றினால் அனுப்புங்கள், ஓய்வுநாள் பாடசாலை பற்றிய பகுதியை மட்டும் எடுத்துவிட்டு. அதைப் பாதரிடம் நேரில் பேசலாம்.