உமிச் சாம்பலிலிருந்து சிலிக்கா எடுத்து, அமீன் ஏற்றி, எங்கள் அரிசி ஆலைப் புகையில் உள்ள கரியமில வாயுவைப் பிடிக்க முடியுமா?

காங்கேயம் பக்கம் ஆலை வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளை என்று கேள்வியிலேயே தெரிகிறது. முதுகலை வேதியியல், இரண்டாம் ஆண்டு, தலைப்பு கொடுக்க ஒரு வாரம்தான் பாக்கி. சரிதானே? நானும் அப்படித்தான் இதில் மாட்டினேன்.

ஆய்வகத்தில் முடியும். அமீன் என்பது கரியமில வாயுவைப் பிடித்துக்கொள்ளும் நைட்ரஜன் சேர்மம்; சிலிக்கா அதைத் தாங்கும் துளைத் தூள். புகைபோக்கியில் மாட்டும் எண்ணம் இருந்தால் முதலில் கணக்குப் போடுங்கள். அமீன் ஏற்றிய நல்ல தூள் ஒரு கிராம், ஒரு முறைக்கு 100 மில்லிகிராம் அளவுக்குப் பிடிக்கும். ஒரு கிலோ உமி எரிந்தால் ஒரு கிலோவுக்கு மேலேயே கரியமில வாயு வரும். அதாவது எரியும் ஒவ்வொரு கிலோ உமிக்கும் பத்து கிலோவுக்கு மேல் தூள். பிடித்ததைச் சூடாக்கி வெளியேற்றி, அதே தூளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால்தான் கட்டுபடியாகும்.

சாம்பல் கேட்டபோது என் மாமா, "எத்தனை லோடு வேண்டும் அம்மிணி?" என்றார். எனக்கு வேண்டியது அரைக் கிலோ. கொதிகலனிலிருந்து வரும் கருஞ்சாம்பலை அப்படியே எடுக்காதீர்கள். எரியாத கரி இருக்கும். மறுபடி எரித்து வெளுக்க வையுங்கள். ஆனால் 700 டிகிரியை வெகுவாகத் தாண்டினால் சிலிக்கா படிகமாக இறுகி, காஸ்டிக் சோடாவில் சுலபத்தில் கரையாது. கரைத்து வடிகட்டினால் சோடியம் சிலிக்கேட். அதிலிருந்து எஸ்பிஏ-15 என்ற துளைச் சிலிக்கா செய்தோம். 1998இல் அமெரிக்காவின் சாந்தா பார்பராவில் கண்டுபிடித்த பொருள் அது. தேன்கூடுபோல் வரிசையான துளைகள், ஒரு கிராமுக்குள் பல நூறு சதுர மீட்டர் பரப்பு. அதில் பாலிஎத்திலீன் இமைன் என்ற அமீனை மெத்தனாலில் கரைத்து ஊற்றி, கலக்கி, உலர்த்த வேண்டும்.

இங்கேதான் நான் பட்டேன். அமீன் கூடினால் பிடிப்பும் கூடும் என்று எழுபது சதவீதம் ஏற்றினேன். தூள் போய், கரண்டியில் ஒட்டும் பிசின் வந்தது. ஐம்பதுக்கு இறங்கினேன். அறை வெப்பத்தில் சோதித்தால் எடை ஏறவே மாட்டேன் என்றது. என் சாம்பல்தான் மட்டம் என்று நினைத்து மூன்று வாரம் அமிலத்தில் கழுவிக்கொண்டே இருந்தேன். ஒரு நாள், சூட்டில் எடை மாறுவதை அளக்கும் டிஜிஏ கருவியை 75 டிகிரியில் வைத்து வாயுவைத் திறந்தேன். பத்து மில்லிகிராம் தூள், திரையில் கோடு விறுவிறுவென்று மேலே போனது.

வரைபடத்தைப் பார்த்த வழிகாட்டி, எண்களை இடம் மாற்றிவிட்டேன் என்றார். சூடு ஏறினால் உறிஞ்சல் குறையும் என்பதுதானே பாடம்? எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். உண்மையில், குளிர்ந்த அமீன் துளைக்குள் ஆறிய வெல்லப்பாகுபோல் கிடக்கிறது; வாயு உள்ளே நுழைய வழியில்லை. சூட்டில் பாகு இளகி வழி விடுகிறது. இன்னும் சூடாக்கினால் பிடித்ததை விட்டுவிடும். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் சுன்ஷான் சாங் குழுவினர் 2002லேயே இதைக் காட்டியிருந்தார்கள்: எம்சிஎம்-41 என்ற இன்னொரு துளைச் சிலிக்காவில் பாதிக்குப் பாதி ஏற்றி, 75 டிகிரியில், அமீன் ஒரு கிராமுக்கு 215 மில்லிகிராம். அந்தக் கட்டுரையை அச்செடுத்து அவர் மேசையில் வைத்தேன். வரைபடம் ஆய்வேட்டில் இடம்பெற்றது. மன்னிப்பு எங்கேயும் இடம்பெறவில்லை.

வழிகாட்டிகள் எல்லோரும் அப்படி என்று சொல்ல வரவில்லை. அவர் பாடம் நடத்தினால் நான் இன்றும் போய் உட்காருவேன்.

விடுதியை மட்டும் மன்னிக்க மாட்டேன். ஆறு மணிக்குக் கதவு அடைப்பு, பெண்களுக்கு மட்டும். 550 டிகிரி உலை இரவு முழுக்க எரியும். பக்கத்து மேசைப் பையன் என் மாதிரியைப் பார்த்துக்கொண்டதற்காக என் ஆய்வேட்டில் அவனுக்கு நன்றி எழுத வேண்டியிருந்தது! கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், தெரியும்.

உங்களுக்கு வேண்டியதற்கு வருகிறேன். புகையில் உள்ள ஈரத்துக்குப் பயப்படாதீர்கள். உலர்ந்த நிலையில் ஒரு கரியமில வாயு மூலக்கூறைப் பிடிக்க இரண்டு அமீன் தேவை. ஈரம் இருந்தால் ஒன்றே போதும் என்ற நிலைகூட வரும். உலர்ந்த கரியமில வாயுவில் தூளை அதிகச் சூட்டில் மீட்டெடுத்தால் அமீன் யூரியாவாக மாறிச் செத்துவிடும். சூடாக இருக்கும்போது காற்றுப் படவும் விடாதீர்கள், ஆக்சிஜன் தின்றுவிடும். ஆலைப் புகையிலும் ஆக்சிஜன் உண்டு, அதை மறக்க வேண்டாம். மேட்டூர் அனல்மின் நிலையம்போல நிலக்கரிப் புகை என்றால் கந்தக டை ஆக்சைடும் சேரும், அமீனைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு இடம் கொடுக்காது. அந்த வகையில் உமிப் புகை எவ்வளவோ தேவலை.

"உமி எரிந்து வருவது நெல் உறிஞ்சிய வாயுதானே, அதை ஏன் பிடிக்க வேண்டும்?" என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். அதனால்தான் பிடிக்க வேண்டும்: பிடித்துப் புதைத்தால் காற்றில் உள்ளது நிகரமாகக் குறையும். "மரம் நட்டால் போதாதா?" என்று எழுத வருபவர்களுக்கு: நடுங்கள், நான் தடுக்கவில்லை.