அரபைமா: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ராத்திரி ஏர் பம்ப் நின்றுபோய் மற்ற மீன்கள் எல்லாம் செத்துவிட்டன. அரபைமா மட்டும் தப்பியது எப்படி?

பதில்: அரபைமா அமேசான் ஆற்றுப் பகுதியைச் சேர்ந்த பெரிய நன்னீர் மீன். அது மேலே வந்து காற்றை விழுங்கி மூச்சு விடுகிறது. அதன் காற்றுப்பைதான் நுரையீரலாக வேலை செய்கிறது. வளர்ந்த மீன் 10, 20 நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வந்தே ஆக வேண்டும். வலையில் சிக்கி வர முடியாமல் போனால் தண்ணீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் செத்துப்போகும். அதனால் மேற்பரப்பை அடைக்காதீர்கள். செத்த மீன்களை எடுத்துவிட்டு உடனே பாதித் தண்ணீரை மாற்றுங்கள். செத்த மீன் அழுகும்போது உண்டாகும் அம்மோனியா இதற்கும் நஞ்சுதான்.

கேள்வி: என் அரபைமா இரை எடுக்கவில்லை. என்ன மருந்து போடலாம்?

பதில்: தொட்டி எத்தனை லிட்டர், மீன் என்ன நீளம், வெப்பம் எவ்வளவு, ஒன்றுமே எழுதவில்லை. எதை வைத்து மருந்து சொல்வது? தண்ணீரைச் சோதித்துவிட்டு எழுதுங்கள். அதுவரை எந்த மருந்தையும் ஊற்றாதீர்கள்.

கேள்வி: மூன்றடித் தொட்டியில் குஞ்சு வளர்க்கிறேன். தொட்டி அளவுக்கு மேல் வளராது என்று விற்றவர் சொன்னார். சரிதானே?

பதில்: சரியில்லை. இந்தப் பொய்யை எத்தனை முறை மறுத்தாலும் அடுத்த கடிதத்தில் திரும்ப வந்து நிற்கிறது. கண்ணாடி எந்த மீனின் வளர்ச்சியையும் நிறுத்துவதில்லை. கழிவு மண்டிய தண்ணீரும் போதாத தீனியும் உடம்பை வாட்டுகின்றன. அந்த வாட்டத்தைத்தான் ‘அளவோடு நின்றுவிட்டது’ என்று சொல்லி விற்கிறார்கள். நல்ல தண்ணீரும் தீனியும் கிடைத்தால் அரபைமா ஓராண்டிலேயே 10 கிலோவை எட்டிவிடும். முழு வளர்ச்சியில் இரண்டு மீட்டர் நீளமும் 100 கிலோவுக்கு மேல் எடையும் சாதாரணம்.

உங்கள் மீன் ஒன்றரை அடி ஆனதும் அது திரும்புவதைக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாருங்கள். மூக்கு ஒரு கண்ணாடியில் இடிக்கும், வால் எதிர்க் கண்ணாடியில் மடங்கும், ஒவ்வொரு திருப்பத்துக்கும் உடம்பு வில்லாக வளையும். அப்புறம் உதடு புண்ணாகும், முதுகு கோணும். ‘பிறகு பெரிய தொட்டி வாங்கிக்கொள்கிறேன்’ என்பவர்களுக்கும் சொல்கிறேன்: இதற்குத் தேவை தொட்டியே இல்லை, ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பாக இருக்கும் பெரிய குளம். அது இல்லாதவர் குஞ்சை வாங்கக் கூடாது. வளர்ந்தால் என்ன நீளம் வரும் என்று சொல்லாமல் விற்பது அநியாயம். வாங்கிய இடத்திலேயே இப்போதே திருப்பிக் கொடுங்கள்.

கேள்வி: வளர்க்க முடியவில்லை. ஏரியில் விட்டுவிடலாமா?

பதில்: கூடவே கூடாது. 1970களில் பெரு நாட்டிலிருந்து பொலிவியாவின் ஆறுகளுக்குள் புகுந்த அரபைமா இன்று அங்கே பரவிக் கிடக்கிறது. அமேசான் படுகையிலேயே, அது முன்பு இல்லாத பகுதியில் நடந்தது இது. நம் ஏரியிலும் அப்படி ஆகிவிடக் கூடாது.

கேள்வி: அரோவானா என்ற தொட்டி மீன் மாதிரி இதுவும் குஞ்சுகளை வாயில் வைத்துக் காக்குமா?

பதில்: இல்லை. ஆழமில்லாத இடத்தில் மண்ணைத் தோண்டிக் குழியில் முட்டையிடும். குஞ்சுகள் பொரிந்த பிறகு தகப்பன் மீன்தான் கூடவே நீந்திக் காவல் காக்கும். அந்தச் சமயத்தில் அதன் தலை கறுத்துவிடும்; அந்தக் கறுத்த தலையையொட்டிக் குஞ்சுக்கூட்டம் நீந்தினால் மேலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குக் குஞ்சுகள் தெரிவதே இல்லை. தொட்டியில் இதெல்லாம் நடக்காது.

கேள்வி: கூரிய பல் உள்ள பிரானா மீன் இதைக் கடிக்காதா?

பதில்: கடிக்கும், ஆனால் பல் எளிதில் இறங்காது. செதிலின் வெளிப்புறம் கெட்டியான தாது. உள்ளே கொலாஜன் என்ற புரத இழைகள் அடுக்கடுக்காக, ஒவ்வோர் அடுக்கிலும் திசை மாறி இருக்கும். விரிசல் விட்டாலும் பிளவு உள்ளே ஓடாது.

கேள்வி: 15 அடி மீன் உண்டாமே?

பதில்: பழைய பயணிகள் காதால் கேட்டு எழுதியது. மூன்று மீட்டரே அபூர்வம்.

கேள்வி: குதித்துத் தொட்டியின் மூடியைத் தள்ளிவிட்டது. தண்ணீரை விளிம்புவரை நிரப்பி, மூடியை இறுக்கிக் கட்டிவிடட்டுமா?

பதில்: கொன்றுவிடுவீர்கள். மேற்பரப்பை அடைக்காதீர்கள் என்று முதல் பதிலிலேயே சொன்னேன். கனமான வலைமூடி போடுங்கள். தண்ணீருக்கும் மூடிக்கும் நடுவே குறைந்தது ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும்.