தஞ்சாவூரில் ஆர்க்கிடெக்ட் வடிவமைத்த வீடு விற்பனைக்கு வந்திருக்கிறது, பக்கத்து வீட்டைவிட 15 லட்சம் கூடக் கொடுத்து வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் ஐப்பசி வரைக்கும் பொறுத்திருந்து, மழை அடித்து ஊற்றுகிற ஒரு நாளில் போய் அந்த வீட்டுக்குள் அரை மணி நேரம் நின்று பார்த்துவிட்டு வாங்குங்கள். பதில் இவ்வளவுதான். அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு போய்விடலாம், மீதி என் புலம்பல்.

உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. முற்றம் வைத்த வீடு, பூசாத செங்கல் சுவர், எங்கோ பழைய வீட்டைப் பிரித்த இடத்தில் வாங்கிய தேக்குத் தூண், வீட்டுக்காரம்மாவுக்குப் பார்த்தவுடன் பிடித்துவிட்டது, அப்பா மட்டும் "படம் போட்டுக் கொடுத்ததுக்கா பதினைஞ்சு லட்சம்" என்கிறார். 2018-இல் நான் நின்ற இடம் அப்படியே இதுதான். நீங்களும் சென்னையிலோ துபாயிலோ காற்று வராத அடுக்குமாடியில் பத்து வருடம் இருந்துவிட்டு ஊர்ப்பக்கம் திரும்பியிருப்பீர்கள், தாத்தா வீட்டு முற்றம் கனவில் வந்திருக்கும். தப்பாக ஊகித்திருந்தால் மன்னிக்கவும்.

தஞ்சாவூர் மாநகராட்சி ஆனது 2014-இல். அதற்கு முன்பே ஊர் நாலு பக்கமும் வழிய ஆரம்பித்துவிட்டது, ஆடு மேய்ந்த இடமெல்லாம் நகர் என்று பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டது. நாங்கள் வாங்கியது நாஞ்சிக்கோட்டை ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி அப்படி ஒரு நகரில். மொத்தம் ஆறு வீடு, ஆறுக்கும் ஒரே ஆர்க்கிடெக்ட். விலை 67 லட்சம். அதே தெருவில் அதே அளவு வீட்டை மேஸ்திரி வைத்துக் கட்டியவர் 52 கேட்டார். அந்த வீட்டு எலிவேஷனில் மூன்று நிறத்தில் டைல்ஸ், பளபளவென்று ஸ்டீல் கைப்பிடி, மாடியில் எதற்கென்றே தெரியாத ஒரு வளைவு. எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. முற்றத்து வீட்டில் கால் வைத்ததும் மேலிருந்து வெயில் விழுந்து தரையில் கட்டம் கட்டமாகக் கிடந்தது, அங்கேயே முடிவு பண்ணிவிட்டேன். "மாமா பதினைஞ்சு லட்சத்துக்குக் காத்து வாங்கியிருக்கார்" என்று என் மச்சான் கிரகப்பிரவேசத்தில் பந்தியில் உட்கார்ந்து சொன்னது இன்றைக்கும் எங்கள் சொந்தத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆவணியில் கிரகப்பிரவேசம். அம்மாவைப் பாபநாசம் பக்கத்திலிருந்து அழைத்து வந்திருந்தேன், அப்போது அவருக்கு 74 வயது. பால் காய்ச்சி முடிந்து எல்லோரும் முற்றத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது அம்மா மட்டும் குனிந்து ஒவ்வொரு மூலையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். தோடு கீழே விழுந்துவிட்டதோ என்று நினைத்தேன். "ஏன் தம்பி, சாலகம் எங்க?" என்றார். முற்றத்துத் தண்ணீர் வெளியேறும் வழியைத்தான் கேட்கிறார். அதெல்லாம் கூழாங்கல்லுக்கு அடியில் பைப்பாகப் போகிறதும்மா, இப்போ அப்படித்தான் என்றேன். சரி என்று தலையை ஆட்டிவிட்டு, மேலே அண்ணாந்து பார்த்தார். "தாழ்வாரமும் இல்லையே" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

சின்ன வயதில் நாங்கள் இருந்தது குடமுருட்டி ஆற்றங்கரையில், திண்ணை, ரேழி, கூடம், முற்றம், இரண்டாங்கட்டு, கொல்லை என்று நீளமாகப் போகும் வீடு. முற்றம் என்றால் மேலே ஓட்டை விட்ட கூரை என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். அது அப்படி இல்லை. நாலு பக்கத்து நாட்டு ஓட்டுக் கூரையும் முற்றத்தைப் பார்த்து இறங்கி வரும், உயரமானவர் குனிந்துதான் இறங்க வேண்டும், அவ்வளவு தாழ்வு. சாய்ந்து அடிக்கிற மழை முதலில் அந்த ஓட்டில் விழும், மீறி வருகிற சாரலைத் தாழ்வாரம் வாங்கிக்கொள்ளும், கூடம் அதற்கும் ஒரு படி மேலே. முற்றத்துத் தரை ஒரு முழம் பள்ளம். மூலையில் கை நுழைகிற அளவுக்குச் சாலகம், இலை அடைத்துக்கொண்டால் மூங்கில் குச்சியை விட்டுக் குத்துவோம். ஓட்டு முனையில் அண்டாவை வைத்து மழைத் தண்ணீர் பிடித்துப் பருப்பு வேகவைப்பார் அம்மா. ஒரு சொட்டு கூடத்துக்குள் வந்ததாக எனக்கு நினைவில்லை.

நான் வாங்கிய முற்றத்துக்கு நாலு பக்கமும் கான்கிரீட் தளம், கத்தியால் வெட்டினது போல ஓரம். சார்ப்பு, அதாவது சாய்வாக இறங்கும் சின்னக் கூரை, கிடையாது, சன்ஷேடுகூடக் கிடையாது, இருந்தால் கோடு கெட்டுவிடுமாம். உயரம் இருபது அடி. தரை கூடத்துக்குச் சமமாக ஒரே மட்டம், "உள்ளே வெளியே என்கிற பேதமே தெரியக்கூடாது சார்" என்று விற்றவர் பெருமையாகச் சொன்னார். காற்று வரட்டும் என்று வடகிழக்குப் பக்கம் பெரிய திறப்பு. டெல்டாவில் பிறந்தவனுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம், ஐப்பசி கார்த்திகையில் மழை எந்தப் பக்கமிருந்து சாய்ந்து வரும் என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரியும். படித்தவன் எனக்குத் தெரியவில்லை.

அந்த வருடம்தான் கஜா புயல். நவம்பர் 16 விடியற்காலை வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணிக்காரர்கள் தென்னையை இழந்து நின்றார்கள், அதற்கு முன்னால் என் கஷ்டத்தைச் சொல்லவே கூசுகிறது, இருந்தாலும் கேட்டுவிட்டீர்கள். ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் இல்லை, டார்ச் அடித்துப் பார்த்தால் கூழாங்கல் ஒவ்வொன்றாகக் கூடத்துக்குள் மிதந்து, சரி, மிதக்கவில்லை, உருண்டு வருகிறது. பாத்திரம், பக்கெட், பெட்ஷீட், பழைய வேட்டி எல்லாவற்றையும் வைத்து அணை கட்டினோம். என் பெண் சோபா மேல் ஏறி நின்றுகொண்டு "கல்லணைக்கு இங்கேர்ந்து தண்ணி திறந்துவிட்டிருக்காங்கப்பா" என்றாள். விடிந்ததும் கல்லையெல்லாம் வாரிப்போட்டுப் பார்த்தேன். இருந்தது இரண்டு இஞ்ச் பைப், அதன் வாயில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது ஒரு கூழாங்கல், சிமெண்ட் வைத்து அடைத்தது போல.

ஆர்க்கிடெக்டுக்குப் போன் போட்டேன். மேற்கே எங்கோ ஒரு ஊரில் இருந்தார். ஆறு வீட்டுக்கும் படம் கொடுத்ததோடு சரி, வேலை நடக்கும்போது ஒரே ஒரு தடவைதான் வந்தாராம். "மழையை உணர வேண்டும் என்பதுதான் டிசைன் சார்" என்றார். நன்றாகவே உணர்ந்தோம்.

இந்த இடத்தில் நாலு பேர் வரிந்து கட்டிக்கொண்டு வருவீர்கள், தெரியும். ஆர்க்கிடெக்ட்களே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மேஸ்திரி கட்டிய அந்த 52 லட்சத்து வீட்டுக்காரர் சித்திரை, வைகாசியில் ஹாலில் உட்கார முடியாமல் மூன்று ஏசி ஓட்டுகிறார், நான் கத்திரி வெயிலிலும் கூடத்தில் ஒரு ஃபேன் போட்டுத் தூங்குகிறேன். அதற்கும் அந்த ஆர்க்கிடெக்ட்தான் காரணம். சுவர் எலிப்பொறிக் கட்டு, ராட் டிராப் என்பார்கள், கேரளத்தில் லாரி பேக்கர் பரப்பிய முறை. செங்கல்லைப் படுக்க வைக்காமல் குத்தவைத்து அடுக்குவதால் சுவருக்குள்ளே பொந்து விழும், அந்தக் காற்று சூட்டை உள்ளே விடாது, செங்கல்லும் சுமார் கால்வாசி மிச்சம். செங்கல்லை மிச்சம் பிடித்துவிட்டு எதற்கு 15 லட்சம் கூட என்று கேட்காதீர்கள், நானும் கேட்டேன், பதில் இல்லை. இந்தச் சுவரில் ஒரே தொல்லை, குடிதண்ணீர் ஃபில்டர் மாட்ட வந்த பையன் டிரில் போட்டான், போல்ட் உள்ளே விழுந்து 'டங்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இன்னொன்றைப் போட்டான், அதுவும் போச்சு. "சார், சுவருக்குள்ள ஆள் இருக்கு" என்றான். வயர், பைப் எல்லாம் சுவர் எழும்பும்போதே திட்டம் போட்டு வைத்தால்தான் உண்டு, பிற்பாடு கொத்த முடியாது. அதனால் நீங்கள் வாங்குகிற வீட்டுக்கு எலெக்ட்ரிக்கல், பிளம்பிங் வரைபடம் இரண்டையும் பணம் கொடுக்கும் முன்பே கையில் வாங்கிவிடுங்கள்.

சரி, முற்றம் என்ன ஆனது? இரண்டு வருடம் தார்ப்பாய் கட்டி வைத்திருந்தோம், 67 லட்சத்து வீட்டுக்குக் கல்யாணப் பந்தல் போல நீலத் தார்ப்பாய். அப்புறம் தெரிந்தவர் சொல்லிக் கும்பகோணத்திலிருந்து ஒரு ஆர்க்கிடெக்ட் அம்மா வந்தார், முப்பது வயதுகூட இருக்காது. வெயில் நாளில் வரச் சொன்னோம், வேண்டாம், மழை வரட்டும் என்றார். கார்த்திகையில் ஒரு நாள் ரெயின்கோட்டோடு வந்து, தார்ப்பாயைக் கழற்றச் சொல்லிவிட்டு, சாயங்காலம் ஏழு மணி வரை ஒரு சாக்பீஸை வைத்துக்கொண்டு தண்ணீர் எதுவரை தெறிக்கிறதோ அதுவரை கோடு போட்டுக்கொண்டே இருந்தார். என் மனைவி இரண்டு தடவை காபி கொடுத்தாள், இரண்டும் ஆறிப்போனது. கடைசியில் சொன்னது மூன்றே விஷயம்: சாரல் அடிக்கிற இரண்டு பக்கமும் எட்டடி உயரத்தில் மூன்றடி ஓட்டுச் சார்ப்பு இறக்க வேண்டும், முற்றத்துத் தரையை முக்கால் அடி தாழ்த்த வேண்டும், நாலு இஞ்ச் பைப்பை வாட்டம் பார்த்து வெளியே எடுத்து, வாயில் பித்தளைச் சல்லடை போட வேண்டும். வேலைக்கு 1,90,000 ஆனது, அவர் ஃபீஸ் 15,000. அம்மா வந்து பார்த்துவிட்டு, "இப்பதான் வீடு மாதிரி இருக்கு" என்றார். 15 லட்சத்துக்கு ஒரு ஆர்க்கிடெக்ட், 15 ஆயிரத்துக்கு ஒரு ஆர்க்கிடெக்ட், இரண்டு பேரும் படித்தது ஒரே படிப்பு.

படிப்பு என்றதும் ஒன்று. 1972-ஆம் வருடத்துச் சட்டப்படி கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிந்தவர்தான் ஆர்க்கிடெக்ட் என்று பெயர் போட்டுக்கொள்ளலாம். ஆனால் அந்தச் சட்டம் காப்பது பெயரைத்தான், கட்டடத்துக்குப் படம் போடுகிற வேலையை மற்றவர்கள் செய்யத் தடையில்லை என்று 2020-இல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. எனவே நோட்டீஸில் ஆர்க்கிடெக்ட் என்று இருந்தால் பதிவு எண்ணைக் கேளுங்கள், அதைவிட முக்கியமாக, வேலை நடந்தபோது எத்தனை தடவை வந்தார் என்று அங்கே வேலை செய்த கொத்தனாரைத் தேடிப் பிடித்துக் கேளுங்கள். கொத்தனார் பொய் சொல்ல மாட்டார், அவருக்கு அதில் லாபமில்லை.

ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு இருக்கிறதா என்றும் பாருங்கள். பதிவு செய்த திட்டமென்றால் சாவி வாங்கி 5 வருடத்துக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் 30 நாளில் செலவில்லாமல் சரிசெய்து தர வேண்டும் என்று சட்டத்தையே காட்டிப் பேசலாம். நிலம் 500 சதுர மீட்டருக்குள்ளோ, வீடு எட்டுக்குள்ளோ இருந்தால் பதிவு வேண்டாம் என்று அதில் ஒரு விலக்கும் உண்டு. எங்களுக்கு விற்றவர் ஏன் ஆறோடு நிறுத்தினார் என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது. ஆறு ராசியான எண் என்று அப்போது சொன்னார். பத்திரச் செலவு 7 சதவீதம் முத்திரைத்தாள், 2 சதவீதம் பதிவுக் கட்டணம், 15 லட்சம் கூடக் கொடுத்தால் அதற்கும் சேர்த்துத்தான்.

இன்னொரு வயிற்றெரிச்சலையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். நாங்கள் குடி வந்தபோது தெருவிலிருந்து வாசலுக்கு நாலு படி. இப்போது இரண்டரை. ரோடு போடுகிறவர்கள் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு ரோடு ஏறிக்கொண்டே வருகிறது. சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலர் உத்தரவே போட்டார். எங்கள் தெருவுக்கு அந்த உத்தரவு இன்னும் நடந்து வந்துகொண்டிருக்கிறது. இதைக் கேட்கப் போனால், நீங்க ஏன் சார் பேஸ்மட்டத்தை இவ்வளவு தாழ்வா வெச்சீங்க என்று என்னையே கேட்கிறார்கள்.

உங்கள் வீடு எந்தப் பக்கம் என்று எழுதவில்லை. மேற்கே வல்லம் பக்கமென்றால் செம்மண், செம்பாறை, கடைக்காலுக்குக் கவலையில்லை. வடக்கிலோ கிழக்கிலோ வயலைத் தூர்த்த மனையென்றால் அடியில் களிமண், மழைக்கு உப்பும், கோடைக்குச் சுருங்கும், சுவர் மூலையில் சாய்வாக விரிசல் விடும். மண் பரிசோதனை அறிக்கை இருக்கிறதா என்று கேளுங்கள், பக்கத்து மனையில் யாராவது கடைக்கால் தோண்டியிருந்தால் எட்டிப் பாருங்கள், மண்வெட்டியில் அப்பிக்கொண்டு வருகிற மண்ணைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இதையெல்லாம் பார்த்த பிறகும் பிடித்திருந்தால் வாங்குங்கள். முற்றத்தில் சார்ப்பு இல்லை, சாலகம் இல்லை என்று விரல் விட்டுக் காட்டிப் பேரம் பேசினால் இரண்டு லட்சமாவது இறங்கி வருவார்கள். அந்தப் பணத்தில் கை வைக்காமல் ஓட்டுக்கு எடுத்து வையுங்கள்.