மீன் கம்பெனிக் கணக்குக்கு விண்டோஸ் 10 போதுமா, 11-க்கு மாற வேண்டுமா?

கேள்வி இதுதான்: மண்டபத்தில் விசைப்படகு மீன் எடுக்கும் சின்ன கம்பெனி. 2016-இல் வாங்கிய லேப்டாப், ஐ5 ஆறாம் தலைமுறை, 4 ஜிபி ரேம், விண்டோஸ் 10. எடை மெஷின், பில் பிரிண்டர், நெட் பேங்கிங் எல்லாம் அதில்தான். நன்றாக ஓடுவதை விட்டுவிட்டு 11-க்கு மாற வேண்டுமா?

அந்த லேப்டாப்பில் மாற வேண்டாம் அண்ணே. ஆனால் இப்போது இருக்கிறபடியே விட்டுவிடவும் வேண்டாம்.

முதலில் ஒரு பயத்தைத் தள்ளி வைப்போம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது என்றால் அன்றோடு கம்ப்யூட்டர் நின்றுபோகும் என்று அர்த்தமில்லை. அது பாட்டுக்கு ஓடும். புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்கும் அப்டேட் மட்டும் வராது. அது எவ்வளவு பெரிய விஷயம் என்று கேட்டால், 2017 மே மாதம் ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வானாக்ரை என்ற வைரஸ் வந்ததை நினைத்துப் பாருங்கள். அதற்கான அடைப்பை மைக்ரோசாப்ட் மார்ச் மாதமே கொடுத்துவிட்டது, போடாமல் விட்டவர்களின் ஃபைல்கள்தான் பூட்டப்பட்டன. இனி உங்கள் லேப்டாப்புக்கு அந்த மாதிரி அடைப்பே வராது என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு நோட்டு போனால் எப்படியோ திரும்ப எழுதலாம், வங்கிப் பாஸ்வேர்டு போனால் என்ன செய்வது?

இடைக்கால வழி ஒன்று உண்டு. கூடுதல் பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை அடைப்புகள் வரும். விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2-இல் இருக்க வேண்டும், மைக்ரோசாப்ட் கணக்கும் வேண்டும். அந்தக் கணக்கோடு செட்டிங்ஸை ஒத்திசைய விட்டால் காசு இல்லை, இல்லாவிட்டால் 30 டாலர். செட்டிங்ஸில் அப்டேட் பக்கத்திலேயே சேரும் லிங்க் இருக்கும். முதலில் அதைச் செய்துவிடுங்கள், மற்றதை நிதானமாக யோசிக்கலாம்.

சரி, ஏன் 11 வேண்டாம் என்கிறேன்? 11-க்கு டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சிப்), செக்யூர் பூட் (கம்ப்யூட்டர் தொடங்கும்போதே நடக்கும் பாதுகாப்புச் சோதனை) இரண்டும் வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேல் வேண்டும். ஐ5-6200 என்று போட்டிருந்தால் ஆறு, ஐ5-8250 என்றால் எட்டு, கோட்டுக்கு அடுத்த முதல் எண்ணைப் பார்த்தால் போதும், அது 1 என்றால் மட்டும் முதல் இரண்டு எண்ணையும் சேர்த்துப் பாருங்கள். இந்தச் சோதனையைத் தாண்டி 11-ஐ ஏற்றித் தருகிறோம் என்று சொல்லும் கடைகள் இருக்கின்றன. ஏற்றலாம்தான், ஆனால் அப்படி ஏற்றியதற்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாப்ட் உறுதி தரவில்லை, அப்டேட்டுக்காகத்தானே மாறுகிறோம்? பிள்ளைகள் படம் பார்க்கிற மெஷின் என்றால் சரி. வியாபாரக் கணக்குக்கு வேண்டாம்.

இதைவிட உங்களுக்கு முக்கியம் அந்த எடை மெஷின். தங்கச்சிமடத்தில் ஒரு ஐஸ் கம்பெனிக் கணக்கை நான் பார்க்கிறேன், அக்கம்பக்கத்துக் கம்பெனிகளுக்கும் கம்ப்யூட்டர் போட்டுக் கொடுப்பதுண்டு, அதனால் சொல்கிறேன். எடை மெஷினிலிருந்து யுஎஸ்பிக்கு மாற்றும் அந்தச் சின்ன கேபிள் பலவற்றில் பிஎல்2303 என்ற சிப் இருக்கும். அதன் பழைய வகைகளுக்கு விண்டோஸ் 11-இல் ஆதரவு கிடையாது, மாட்டினால், இணைத்த கருவிகளைக் காட்டும் டிவைஸ் மேனேஜரிலேயே அப்படி எழுதிக் காட்டும். ஏலம் முடிந்து லோடு ஏற்றுகிற நேரத்தில் எடை வராமல் நின்றால் யார் யாரைத் திட்டுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். பில் பிரிண்டரும் அப்படித்தான். 11-இல் பழைய வகையான 32 பிட் பதிப்பே கிடையாது, 64 பிட் மட்டும்தான். 32 பிட் டிரைவரை மட்டும் நம்பியிருக்கும் பிரிண்டரும், டாஸ் காலத்துப் பில் புரோகிராமும் அங்கே வேலை செய்யாது.

அதனால் என் கருத்து, வேலையை இரண்டாகப் பிரியுங்கள். பழைய லேப்டாப் எடைக்கும் பில்லுக்கும் மட்டும். அந்த ஒரு வருட அப்டேட்டும் முடிந்த பிறகு அதில் நெட்டையே எடுத்துவிடுங்கள், வைஃபை பாஸ்வேர்டை மறக்கச் செய்யுங்கள். பில் விவரத்தைப் பென்டிரைவில் கொண்டுபோகலாம், அந்தப் பென்டிரைவை மட்டும் ஜெராக்ஸ் கடையில் செருகாமல் இருந்தால் சரி. ரேமை 8 ஜிபியாக்கி, பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் அதற்குப் பதிலாக வேகமான எஸ்எஸ்டி டிஸ்க் போடுங்கள். பலரும் புது விண்டோஸிடம் எதிர்பார்க்கிற வேகம் எஸ்எஸ்டியில்தான் இருக்கிறது.

வங்கி, ஜிஎஸ்டி, மெயில் இதற்கெல்லாம் 11 உள்ள இன்னொரு லேப்டாப், எட்டாம் தலைமுறையில் செகண்ட் ஹேண்ட் கிடைத்தாலும் போதும். நம் பக்கத்தில் ஓடிய மெஷின் என்றால் வாங்குமுன் யுஎஸ்பி ஓட்டைகளைப் பாருங்கள், பச்சை பூத்திருந்தால் உள்ளே போர்டிலும் உப்பு ஏறியிருக்க வாய்ப்பு உண்டு. அதை இறங்குதளத்துக்குக் கொண்டுபோகாதீர்கள், வீட்டிலேயே இருக்கட்டும்.

அப்புறம் ஒன்று, பலர் கவனிக்காமல் விடுவது. 11-ஐப் புதிதாக ஏற்றும்போது பல மெஷின்களில் டிஸ்க் தானாகவே பூட்டப்படுகிறது. அதைத் திறக்கும் சாவி, அதாவது ஒரு நீண்ட எண், எந்த மைக்ரோசாப்ட் கணக்கில் முதலில் நுழைந்தீர்களோ அங்கே போய் உட்காரும். கடைக்காரப் பையன் அவன் மெயிலைப் போட்டு ஏற்றிக் கொடுத்தால் சாவி அவனிடம். உங்கள் சொந்த மெயிலைப் போடச் சொல்லுங்கள், சாவியைப் பேப்பரில் அச்செடுத்துப் பீரோவில் வையுங்கள்.

இதையெல்லாம் சீசனில் செய்யாதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகு இறங்காது, உங்களுக்கு எடை போடும் வேலையும் இருக்காது. புது லேப்டாப்பில் அந்தப் பழைய கேபிளையும் ஒருமுறை மாட்டிப் பாருங்கள். எடை வந்தால் பழையது கெட்டுப்போகும் அன்றைக்குக் கவலையில்லை, வராவிட்டால் ஜூன் 14-க்குள் வேறு கேபிள் வாங்க நேரம் இருக்கும்.