மீன்வள அறிவியல் படிக்க விரும்பும் மகளின் தாய்க்கு

வணக்கம் அம்மா,

பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் பிரிவில் படிக்கும் உங்கள் மகள், கடல் ஆராய்ச்சியாளராகத்தான் ஆவேன் என்று உறுதியாக நிற்பதாகவும், திருச்சியில் பிறந்து வளர்ந்த பெண்ணுக்குக் கடலில் என்ன வேலை என்று உறவினர்கள் கேட்பதாகவும் எழுதியிருந்தீர்கள். உங்கள் கவலை நியாயமானதே. மாதக்கணக்கில் நடுக்கடலில் கப்பலில் இருக்கும் மகளை நினைத்து நீங்கள் அஞ்சுகிறீர்கள். பவளப்பாறைகளுக்கிடையே முக்குளிப்பதை நினைத்து அவள் மகிழ்கிறாள். இரண்டும் இத்துறையில் உண்டு என்றாலும், மீன்வள விஞ்ஞானிகளில் பெரும்பாலோரின் நாள்கள் மீன் இறங்குதளத்திலும் ஆய்வுக்கூடத்திலும் கணினியின் முன்னுமே கழிகின்றன. அந்த வேலை எப்படிப்பட்டது என்று தெரிந்தபின் முடிவெடுப்பது உங்கள் இருவருக்கும் நல்லது.

மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது; மண்டபத்தில் இயங்கிவந்த அதன் தலைமையகம் 1971இல் கொச்சிக்கு இடம்பெயர்ந்தது. மண்டபத்திலும் தூத்துக்குடியிலும் சென்னையிலும் அதன் மையங்கள் இயங்குகின்றன. இந்தியக் கடற்கரையில் எந்த மீன் எவ்வளவு பிடிபடுகிறது என்பதைத் தொடர்ந்து மதிப்பிடுவது அதன் அடிப்படைப் பணிகளுள் ஒன்று. கரைக்கு வரும் எல்லாப் படகுகளையும் எண்ணிப் பார்க்க இயலாது என்பதால், எந்த இறங்குதளம், எந்த நாள், எத்தனை படகுகள் என்பது புள்ளியியல் முறைப்படி முன்கூட்டியே தேர்ந்தெடுக்கப்படும். அந்த நாளில், படகு வரும் நேரத்தில், ஆள் அங்கே இருந்தாக வேண்டும். நேரம் ஊருக்கு ஊர் வேறுபடும். தூத்துக்குடி விசைப்படகுகள் விடியற்காலையில் புறப்பட்டு இரவில் திரும்பும் வழக்கமுடையவை. இராமேசுவரத்தில் முதல் நாள் சென்ற படகு மறுநாள் காலையில் வரும். ஏலம் முடிந்தால் மீன் கைமாறிவிடும் என்பதால், கிடைக்கும் சிறிது நேரத்துக்குள் எத்தனை பாகம் (ஒரு பாகம் சுமார் ஆறடி) ஆழத்தில் வலை விட்டார்கள், எத்தனை முறை இழுத்தார்கள், எத்தனை கூடை இறங்கியது என்பதை ஓட்டுநரிடமும் மீனவர்களிடமும் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். வஞ்சிரம், பாறை போன்ற விலையுள்ள மீன்கள் ஏலத்துக்குப் போனபின், சங்காயம் என்று ஒதுக்கப்பட்டுத் தீவன ஆலைக்குப் போகும் கலப்பு மீன் குவியலை உட்கார்ந்து பிரித்துப் பார்ப்பதும் இந்த வேலையின் பகுதிதான். பெரிதாக வளர வேண்டிய மீன்களின் குஞ்சுகள் எவ்வளவு அழிகின்றன என்பது அந்தக் குவியலில்தான் தெரியும்.

பனிக்கட்டியில் வைத்துக் கொண்டுவந்த மாதிரிகள் பிறகு ஆய்வுக்கூட மேசைக்கு வருகின்றன. ஒவ்வொரு மீனையும் அளவுப் பலகையில் மூக்கு நுனி பலகையின் முனையைத் தொடும்படி கிடத்தி நீளம் பார்த்து, எடை போட்டு, வயிற்றைக் கீறி, ஆணா பெண்ணா, சினை எந்த நிலையில் இருக்கிறது, இரைப்பையில் என்ன இருக்கிறது என்று பதிவு செய்ய வேண்டும். மீனின் தலைக்குள் இருக்கும் செவிக்கல்லில் படியும் வளையங்களைக் கொண்டு வயதைக் கணிக்கலாம் என்று உங்கள் மகள் படித்திருக்கக்கூடும். குளிர்நாட்டு மீன்களில் அந்த வளையங்கள் தெளிவாக இருக்கும்; நம் வெப்பக் கடல் மீன்களில் பெரும்பாலும் அவ்வளவு தெளிவாக இருப்பதில்லை. ஆகவே மாதந்தோறும் ஏராளமான மீன்களின் நீளத்தை அளந்து, அந்த அளவுகள் எப்படிப் பரவியிருக்கின்றன என்பதிலிருந்து வளர்ச்சி வேகத்தையும் இறப்பு வீதத்தையும் கணிப்பதே இங்கு பெரிதும் கையாளப்படும் வழி. இதனால்தான் கணக்கும் புள்ளியியலும் உங்கள் மகளுக்குப் பிடிக்குமா என்பதை, கடல் பிடிக்குமா என்பதற்கும் முன்னதாக நான் கேட்பேன். உயிரியலில் விருப்பமும் கணக்கில் வெறுப்பும் உள்ள மாணவர்கள் இத்துறையில் மிகவும் சிரமப்படுகிறார்கள்.

இவ்வளவு அளவெடுப்பதால் யாருக்கு என்ன பயன் என்று நீங்கள் கேட்கலாம். கேரளத்தில் 2012ஆம் ஆண்டு 4 லட்சம் டன்னை நெருங்கிய மத்தி மீன்பிடிப்பு, 2021இல் சுமார் 3,300 டன்னாகச் சரிந்தது. மத்தியை நம்பிய ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு அது வாழ்வாதாரக் கேள்வி. கடல் சூடானதா, இரை குறைந்ததா, குஞ்சுகளை அதிகமாகப் பிடித்தோமா என்று ஆராய்வதற்கு, பல்லாண்டுகளாக விடாமல் எழுதப்பட்ட பதிவேடுகள் மட்டுமே துணை. பத்து சென்டிமீட்டருக்குக் குறைவான மத்தியைப் பிடிக்கக் கூடாது என்று கேரள அரசு விதி செய்ததற்கும், எந்த நீளத்தில் மத்தி முதன்முதலாகச் சினைப்படுகிறது என்று மேசையில் அமர்ந்து பார்த்த ஆய்வுகளே அடிப்படை. தன் கணக்கு தவறினால் ஒரு மீனவர் குடும்பம் வருமானம் இழக்கும் என்ற பொறுப்பு இந்தப் பணியில் இருக்கிறது. அதனாலேயே நான் இதை மிகவும் மதிக்கிறேன்.

சிரமங்களையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கப்பலில் செல்லும் ஆய்வுப் பயணங்கள் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. வாய்ப்பவர்களுக்குக் கப்பல் ஆட்டத்தால் வரும் கடல் நோய் நிச்சயம் ஒரு சோதனை. மீன் வாடையும் வெயிலும் அன்றாடம் உண்டு. பெண் பிள்ளை இறங்குதளத்துக்கு இருட்டு நேரத்தில் எப்படிப் போவாள் என்ற உங்கள் கேள்விக்கு, அங்கே மீன் வாங்கி விற்பவர்களில் பெண்கள் கணிசமாக இருக்கிறார்கள் என்பதையும், பெண் விஞ்ஞானிகள் பலர் இத்துறையில் பணியாற்றுகிறார்கள் என்பதையும் சொல்வேன். ஆயினும் இரவுப் பணிக்குத் துணையும் வாகனமும் உண்டா என்று வேலையில் சேரும்போதே கேட்டுக்கொள்வதில் தவறில்லை. இவற்றைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று: நிரந்தரப் பணி கிடைக்கும்வரை, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் நிதியுள்ள ஆய்வுத் திட்டங்களில் தற்காலிக ஊதியத்தில் சில ஆண்டுகள் கழிப்போர் நிறைய இருக்கிறார்கள். குடும்பம் அந்த ஆண்டுகளைத் தாங்குமா என்று இப்போதே பேசிக்கொள்ளுங்கள்.

படிப்பைப் பொறுத்தவரை, நான்கு ஆண்டு மீன்வள அறிவியல் இளநிலைப் பட்டமே நேரான வழி. நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகளில் இது கற்பிக்கப்படுகிறது. தூத்துக்குடிக் கல்லூரி 1977 முதல் இயங்கிவரும் பழைய கல்லூரி. இதற்கு நீட் தேர்வு தேவையில்லை. விலங்கியல் படித்துவிட்டு, பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழக மையத்தில் கடல் உயிரியல் முதுநிலை படிப்பது இன்னொரு வழி. ஆனால் மீன்வளத் துறைப் பணிகள் சிலவற்றுக்கு மீன்வள அறிவியல் பட்டத்தையே தகுதியாகக் கேட்பார்கள் என்பதால், இயன்றால் முதல் வழியையே தேர்ந்தெடுக்கச் சொல்வேன். இளநிலையோடு நிறுத்த நேர்ந்தாலும், டிஎன்பிஎஸ்சி வழியாக மாநில மீன்வளத் துறையிலும், வங்கிகளின் வேளாண் அலுவலர் பதவிகளிலும், இறால் குஞ்சுப் பொரிப்பகங்களிலும் தீவன நிறுவனங்களிலும் வேலைக்கு இடமுண்டு. விஞ்ஞானி ஆக வேண்டுமென்றால் முதுநிலையும், நடைமுறையில் முனைவர் பட்டமும், அதன்பின் வேளாண் விஞ்ஞானிகள் தேர்வு வாரியத்தின் போட்டித் தேர்வும் காத்திருக்கின்றன.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை இருக்கும். அதற்கு முன்னால் வரும் ஒரு சனிக்கிழமை இரவே நாகப்பட்டினம் சென்று தங்கி, மறுநாள் அதிகாலை துறைமுகத்துக்கு மகளை அழைத்துச் செல்லுங்கள். கையில் ஒரு நோட்டுப் புத்தகமும் அளவுகோலும் இருக்கட்டும். ஒரு கூடை மீனை விலைக்கு வாங்கி, அதிலுள்ள ஒவ்வொன்றின் நீளத்தையும் வகையையும் அவளே எழுதட்டும். பாதியில் சலிப்புத் தட்டுகிறதா, அடுத்த கூடைக்குக் கை போகிறதா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்; விண்ணப்பத்தைப் பற்றி அதன்பின் பேசுவோம்.