வசந்த காலத்தில் சில இரவுகள் உறைபனி, அப்புறம் வெப்பம் கூடும் என்று வானிலை முன்னறிவிப்பு சொல்வது ஏன்?

பெரும்பாலும் ஓர் உயரழுத்த மண்டலம்தான், அதாவது சுற்றியுள்ளதைவிடக் காற்றழுத்தம் கூடுதலான பகுதிதான், காரணம். அது தலைக்கு மேல் நிற்கும்போது வானம் துடைத்துவிட்டதுபோல் இருக்கும், காற்றும் அடங்கிவிடும். பகலில் நல்ல வெயில். இரவிலோ மண் தன் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிராக விட்டுக்கொண்டே இருக்கும். அதைத் திருப்பி அனுப்ப மேகம் இல்லை. குளிர்ந்த காற்று கனமானது, பள்ளத்தில் போய்த் தேங்கும். விடியலை ஒட்டித்தான் குளிர் உச்சம்.

ஒன்றைக் கவனியுங்கள். அறிவிப்பில் வரும் வெப்பநிலை தரைக்கு மேலே 1.5 முதல் 2 மீட்டர் உயரத்துக்கானது. அங்கே 3 டிகிரி இருந்தாலும் புல்நுனியில் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகலாம். "3 டிகிரிதானே" என்று நாற்றுகளை வெளியே விட்டு நானும் ஏமாந்திருக்கிறேன். பூத்து நிற்கும் ஆப்பிள் மரத்துக்கு மைனஸ் 2 டிகிரியிலேயே சேதம் தொடங்கிவிடும். மைனஸ் 4 என்றால் பெரும்பாலான பூக்கள் போய்விடும்.

சரி, பிறகு ஏன் சூடாகிறது? அந்த மண்டலம் கிழக்கே நகர்ந்ததும், வட அரைக்கோளத்தில் என்றால், தெற்கிலிருந்து வெப்பக் காற்று உள்ளே வரும். கூடவே மேகமும் வந்தால் இரவுக்கு அது போர்வை மாதிரி. அதுவரை வெயில் இறங்கும் முன்பே செடிகளைத் துணியால் மூடி, காலையில் எடுத்துவிடுங்கள்.