காற்றில்லா டயர் சைக்கிளுக்குச் சரிப்படுமா?

கேள்வி: ரப்பர் ஷீட் கட்டி ஏற்றிப் போகும் பழைய 28 இஞ்ச் சைக்கிள். மாதம் இரண்டு பஞ்சர். காற்றே அடிக்க வேண்டாத டயர் போடலாமா?
- குலசேகரம் வாசகர்

பதில்: உங்கள் வண்டிக்கு வேண்டாம். முதல் சிக்கலே அளவுதான். உங்களுடையது போன்ற பழைய ராடு பிரேக் (கேபிளுக்குப் பதில் இரும்புக் கம்பியால் இழுக்கும் பிரேக்) வண்டியின் டயரில் 28 x 1½ என்பதோடு 40-635 என்றும் அச்சிட்டிருக்கும். 635 மி.மீ. என்பது ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம். காற்றில்லா டயரில் ‘28’ என்று விற்பது பெரும்பாலும் 622. பதின்மூன்று மி.மீ. சிறிய டயர் எப்படி இழுத்தாலும் ஏறாது. தவிர, அந்த டயரைப் பிடித்து வைக்கும் பிளாஸ்டிக் ஆணிகள் கொக்கி ஓரமுள்ள ரிம்முக்கானவை. ராடு பிரேக் ரிம்மின் ஓரம் உருண்டு சுருண்டிருப்பதால் அந்தப் பிடிமானத்தை நம்ப முடியாது.

அளவு கிடைத்தாலும் மிதிக்க வேண்டியவர் நீங்கள். காற்று அமுங்கினால் வாங்கிய விசையை ஏறக்குறைய அப்படியே திருப்பித் தரும். கெட்டி ரப்பரும் ஃபோமும் அதில் ஒரு பகுதியைச் சூடாக்கித் தின்றுவிடும். உங்கள் பக்கத்து ஏற்றங்களில் இது கால் வலியாகத் தெரியும். கல்லில் ஏறும் அடியும் நேராக ரிம்முக்குப் போகும். சுமை பின்னால் இருப்பதால் பின்சக்கரத்து ஸ்போக்ஸ்தான் முதலில் தளரும், பிறகு ரிம் கோட்டம் விழும்.

பஞ்சருக்குக் காரணத்தைக் கண்டுபிடியுங்கள். கழற்றும் முன் வால்வுக்கு நேரே டயரில் சாக்பீஸ் கோடு போடுங்கள். டியூபில் காற்றடித்து வாளித் தண்ணீரில் முக்குங்கள். ஓட்டை வெளிப்பக்கம் ஒன்று மட்டும் என்றால் முள் அல்லது கம்பித்துண்டு. கோட்டை வைத்து டயரில் அதே இடத்தைத் துணியால் தடவினால் சிக்கும். அதை எடுக்காமல் ஒட்டுப் போட்டால் மறுநாளே பஞ்சர். உள்பக்கம் என்றால் ரிம் டேப் விலகி ஸ்போக்ஸ் முனை குத்துகிறது. அருகருகே இரண்டு ஓட்டை என்றால் காற்றுக் குறைவு: குழியில் ரிம்முக்கும் சாலைக்கும் நடுவே டியூப் நசுங்குகிறது. சுமை வண்டிகளில் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். டயரில் போட்டிருக்கும் அளவுக்கு வாரம் ஒருமுறை காற்றடித்தாலே இது நின்றுவிடும்.

கேள்வி: பிள்ளையின் 20 இஞ்ச் பள்ளிக்கூட சைக்கிளுக்கு?
- குளச்சல் வாசகர்

பதில்: எடை குறைவு, தூரம் குறைவு, தார் ரோடு என்றால் போடலாம். 20 இஞ்சிலும் 406, 451 என இரண்டு அளவு உண்டு, பார்த்து வாங்குங்கள். ரிம்மின் உள் அகலத்தை வெர்னியரால் அளந்து அதற்கேற்ற ஆணி கேளுங்கள். ஆணி குட்டையாக இருந்தால் வளைவில் டயர் கழன்று வரும். மழையில் பிடிப்பு குறைவு, அதைப் பிள்ளையிடம் சொல்லி வையுங்கள்.

கேள்வி: டியூபுக்குள் ஊற்றும் பஞ்சர் திரவம் பலன் தருமா?
- தக்கலை வாசகர்

பதில்: முள் குத்திய சிறு ஓட்டையை அடைக்கும், நசுங்கிய கிழிசலை அடைக்காது. வால் டியூப் (சிறு ரப்பர் குழாய்) வைத்த வால்வு என்றால் அதைக் கழற்றி ஊற்றி, துளையைத் துடைத்துவிட்டு மாட்டுங்கள். ஒட்டிக்கொண்டால் காற்று ஏறாது. பின்னாளில் ஒட்டுப் போடும்போது திரவத்தைச் சுத்தமாகத் துடைத்து, உப்புத்தாள் போட்ட பிறகே சொல்யூஷன் தடவ வேண்டும்.